நடுவில் உட்காருபவர்

வாசகர் கேள்வி – பதில்

மார்கழி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். இந்தத் தடவை பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றித்தான்: மேடையில் நடுவில் உட்காருகிறவர், அல்லது தனியாக நின்று ஆடுகிறவர். நான் 48 வருடம் அந்த ஆளுக்கு வலப்பக்கம் மிருதங்கத்தோடு உட்கார்ந்தவன். இப்போது காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் குடியிருக்கிறேன். முட்டி மடங்க மறுப்பதால் வாசிப்பு குறைந்து பேச்சு கூடிவிட்டது. பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நடுவில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

கச்சேரி நோட்டீசில் பாடுகிறவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. மேடையில் நாலு பேர் உழைக்கிறார்கள். இது என்ன நியாயம்?
(புதுவயல் வாசகர்)

உங்கள் கோபம் எனக்கும் இருபது வயதில் இருந்தது. அச்சகத்தின் பெயரைவிடச் சின்ன எழுத்தில் என் பெயர் வந்த நோட்டீஸ்கூட உண்டு.

சரி, மேடை ஏறியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாடுகிறவரின் கட்டைதான், அதாவது சுருதிதான், எல்லாருக்கும் கட்டை. ஆண் ஒரு கட்டையில் பாடினால் நான் பெரிய மிருதங்கத்தை எடுக்க வேண்டும். பெண் ஐந்து கட்டையில் பாடினால் சின்னது. பாட்டின் வேகம் அவர் கையில். எந்த ராகம், ஆலாபனை எவ்வளவு நேரம், வயலினுக்கு எங்கே விடுவது, எங்கே நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது), எப்போது தனி (மிருதங்கத்துக்கு விடும் தனி ஆவர்த்தனம்), எப்போது மங்களம், எல்லாம் அவர் முடிவு. பலர் பட்டியலை முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்கள். தாளம் போடும் கையைப் பார்த்துத்தான் நாங்கள் நுழைய வேண்டும். ஒரு தட்டு, இரண்டு விரல் எண்ணுவதற்குள் தாளம் ஆதியா, கண்ட சாபா, பாட்டின் எடுப்பு சமத்திலா (தாளத்தின் முதல் தட்டிலா) தள்ளியா என்று பிடித்துவிட வேண்டும்.

உட்காரும் இடத்தையும் அவர்தான் தீர்மானிக்கிறார். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார். அப்போதுதான் வலந்தலை, அதாவது மிருதங்கத்தின் வலது முகம், சபையைப் பார்க்கும். இடது கைக்காரர் என்றால் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் எழுந்து இந்தப் பக்கம் வர வேண்டும். எத்தனை வயலின்காரர்கள் சம்மதிப்பார்கள்? அதனாலேயே அவருக்கு வாய்ப்புகள் தட்டிப்போயின. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்து, வயலினை இடம் மாற்றி உட்கார வைத்தார் என்று எங்கள் புதுக்கோட்டை பாணிக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். பழனியிடம் வித்தை முன்பே இருந்தது. இடத்தை மாற்றச் சொல்கிற உரிமைதான் அவரிடம் இல்லை, அது நடுவில் இருந்தவரிடம் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. கச்சேரி எடுபடாமல் போனால் ஊரில் யாரும் மிருதங்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். “அவர் பாட்டு இன்றைக்குச் சரியில்லை” என்றுதான் சொல்வார்கள். கொட்டை எழுத்து அதற்கும் சேர்த்துத்தான்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிச் சபை எழுந்து போகிறது. பாடகர் ஃபிளாஸ்கைத் திறக்கிறார். உங்களுக்குக் கோபம் வராதா?
(கண்டனூர் வாசகர்)

எழுந்து போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மூன்று மணி நேரக் கச்சேரியில் வயசான மனுஷன் எப்போதுதான் போவது? ஃபிளாஸ்க்கும் போகட்டும், தொண்டைக்கு வெந்நீர் வேண்டும். எனக்குக் கோபம் வருவது பாடகர் தாளத்தை விட்டால்தான். தனியின்போது அவர் வாய்க்குத்தான் ஓய்வு, கைக்கு இல்லை. நான் கணக்கை எங்கெங்கோ ஓட்டிவிட்டு வந்து இறங்க அவர் கைதான் தரை.

சிவகங்கைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாடியவர் பெரிய பெயர்காரர், பெயர் வேண்டாம். தனியில் எனக்கும் கஞ்சிராக்காரருக்கும் குறைப்பு போய்க்கொண்டிருந்தது. நான் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசித்தால் அவர் இரண்டு, பிறகு ஒன்றுக்கு ஒன்று, அரைக்கு அரை, காலுக்குக் கால். அது நெருங்கிவரும் நேரத்தில் முன்வரிசைக்கு ஒரு பிரமுகர் வந்தார். பாடகர் கும்பிட்டார். கும்பிட இரண்டு கையும் வேண்டும் அல்லவா? தாளம் போயிற்று. மறுபடி கையைத் தொடைக்குக் கொண்டுவந்தபோது ஓர் எண்ணிக்கை தள்ளிப் போட ஆரம்பித்துவிட்டார்.

நான் என் கணக்கை நம்புவதா, அவர் கையை நம்புவதா? மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சேலை கட்டிய ஓர் ஆச்சி ஆரம்பத்திலிருந்தே தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துத் தலையை இல்லை என்பதுபோல் ஆட்டி, தன் கையைக் கொஞ்சம் உயர்த்திப் போட்டுக் காட்டினார். மோரா வைத்து, தனியை முடிக்கிற கணக்கான பெரிய கோர்வையை அந்த ஆச்சியின் கைக்கே தீர்த்தேன். பாடகர் பாட்டை எடுக்க முடியாமல் விழித்தார். வயலின்காரர்தான் வில்லைப் போட்டு எடுத்துக் கொடுத்தார். சபைக்கு ஒன்றும் தெரியவில்லை, பிரமாதமாய்க் கைதட்டினார்கள்.

தனி என்ற சொல்லே வேடிக்கைதான். எங்கள் தொழிலில் அது நடுவில் இருப்பவருடையது இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கிற பத்துப் பதினைந்து நிமிஷம். அந்தத் தனியையும் தனியாக வாசிக்க முடியாது.

எங்கள் ஊர்க்காரர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரி முறையை உருவாக்கினார் என்று கல்லூரியில் சொன்னார்கள். கச்சேரி அதற்கு முன்பும் இருந்ததுதானே?
(அரியக்குடி மாணவர்)

இருந்தது தம்பி. நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் இருந்தது. ஒரு ராகத்தையும் ஒரே வரியையும் கணக்கோடு விரிக்கிற ராகம் தானம் பல்லவி பெரும்பகுதியை விழுங்கிவிடும். பாடுகிறவரும் பக்கவாத்தியங்களும் பல்லவிக் கணக்கில் ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பார்கள். தெரிந்தவர்களுக்கு அது ருசி. மற்றவர்கள் வெற்றிலைப் பெட்டியைத் தேட வேண்டியதுதான்.

ஐயங்கார் 1890இல் உங்கள் ஊரில் பிறந்தார். புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் கற்று, அப்புறம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் குருகுலமாக இருந்தவர். அவர் கச்சேரியை வர்ணத்தில் தொடங்கினார். மத்திம காலத்தில் விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், அளவான ஆலாபனை, சுருக்கமான நிரவலும் ஸ்வரமும், நடுவில் ஒரு பெரிய உருப்படி, தனி, சுருங்கிய பல்லவி, கடைசியில் பதம், ஜாவளி, திருப்புகழ் என்று துக்கடாக்கள். இலையில் பரிமாறுகிற வரிசை மாதிரி என்று சொல்ல நாக்கு வருகிறது. எல்லாரும் சொல்லித் தேய்ந்த உவமை, விட்டுவிடுகிறேன்.

மிருதங்கக்காரன் கண்ணுக்கு இதில் தெரிவது வேறு. நடுவில் உட்கார்ந்தவர் தனக்கென்று இருந்த நேரத்தைத் தானே வெட்டிச் சுருக்கினார். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் பாடும் சரக்கு கையில் இருந்தும் பத்து நிமிஷத்தில் நிறுத்தினால் அடுத்தவனுக்கு இடம் கிடைக்கிறது. அவர் எடுத்த காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கடைசிவரை அசையாது, வாசிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று எழுத்தில் சொல்ல முடியவில்லை. ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். பாலக்காடு மணி ஐயர் போன்ற ஒரு மிருதங்க மேதை அவரிடம் அத்தனை மதிப்பு வைத்திருந்தது சும்மா இல்லை.

1938இல் சங்கீத கலாநிதிப் பட்டம், 1958இல் பத்மபூஷண், 1967இல் மறைவு. இவை பரீட்சைக்கு. இந்த மார்கழியில் நாட்டை ராகத்தில் “மார்கழித் திங்கள்” காதில் விழுந்தால், அது உங்கள் ஊர்க்காரர் போட்ட மெட்டு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொள்ளுங்கள். திருப்பாவை முப்பதுக்கும் அவர் மெட்டு அமைத்திருக்கிறார்.

மகளுக்குத் தை மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். குழுவாக ஆடும்போது நன்றாக ஆடுகிறாள். இரண்டு மணி நேரம் தனியாகத் தாங்குவாளா என்று பயமாக இருக்கிறது. தோழிகளையும் சேர்த்துப் பாதி உருப்படிகளைக் குழுவாகச் செய்துவிடலாமா?
(தேவகோட்டை வாசகி)

செய்யலாம் ஆச்சி, யாரும் தடுக்க மாட்டார்கள். ஆண்டு விழா என்று பெயர் வைத்துவிடுங்கள். அரங்கேற்றம் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

இது வீம்பு இல்லை. பரதநாட்டியத்துக்குச் சதிர் என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே இந்த ஆட்டத்தின் உயிர் ஒருத்தி பலராக நிற்பதில் இருக்கிறது. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்ற வரிசையைப் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள். அவர்கள் அதை ஓர் ஆளின் உடம்புக்கும் மூச்சுக்கும் அளந்து வைத்தார்கள். சின்னதாகத் தொடங்கி, வர்ணத்தில் உச்சத்துக்குப் போய், பதத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, தில்லானாவில் எழுந்து முடிப்பது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது இந்த வரிசையைக் கோயிலுக்குள் போவதோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், உள்ளே போகப்போக மண்டபங்கள், கடைசியில் கர்ப்பக்கிருகத்துக் கற்பூரம். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் நம் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

குழுவில் முருகன் என்றால் ஒரு பெண் வேலைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். பார்க்கிறவருக்கு வேலையே இல்லை. தனியாக ஆடும்போது அதே புடவைக்கட்டோடு உங்கள் மகளே நாயகி, அவளே தோழி, அவளே முருகன், அவளே மயில். அவள் கண் எங்கே போய் நிற்கிறதோ அங்கே சபைக்கு முருகன் தெரிய வேண்டும். ஒத்திகையில் ஒன்றை மட்டும் நீங்களே கவனியுங்கள். தோழியைப் பார்க்கும்போது கண் எந்த உயரத்தில் போகிறது, முருகனைப் பார்க்கும்போது எந்த உயரம்? ஒரே பாட்டுக்குள் முருகன் ஒரு தடவை ஆறடியாகவும் அடுத்த தடவை நாலடியாகவும் இருந்தால் இன்னும் பழக வேண்டும். இதைப் பார்க்கப் பரதம் படித்திருக்க வேண்டியதில்லை.

தனியாகத் தாங்குவாளா என்கிறீர்கள். அவள் முழுசாகத் தனியாக இருக்கப் போவதில்லை. அந்தக் காலத்தில் பாடுகிறவர், ஜதி சொல்லித் தாளம் போடும் நட்டுவனார், மத்தளக்காரர் எல்லாரும் ஆடுகிறவளின் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பார்கள். அவள் முன்னே போனால் இவர்களும் முன்னே போவார்கள். இப்போது எங்களை மேடை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வர்ணத்தில் ஒரே வரியைப் பாடுகிறவர் பத்து தடவை, பதினைந்து தடவை பாடுவார். ஒவ்வொரு தடவையும் சங்கதியை, அதாவது அந்த வரியைப் பாடும் விதத்தை, கொஞ்சம் மாற்றுவார். அந்த மாற்றம்தான் அவளுக்கு அடுத்த பாவத்தை எடுத்துக் கொடுக்கிறது. யாரும் எடுத்துக் கொடுக்காமலே ஆடி நிற்கிறவர்களும் உண்டு. விராலிமலை முத்துக்கண்ணம்மாள், 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர், தானே பாடி தானே ஆடுகிற சதிர் மரபிலிருந்து வந்தவர். பக்கத்து மாவட்டம்தானே, அவர் ஆடும் பதிவு கிடைத்தால் மகளுக்குக் காட்டுங்கள். தொண்ணூறு டிகிரி, நாற்பத்தைந்து டிகிரி என்று கோணம் பார்க்கச் சொல்லவில்லை. முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆடுகிறவள் எங்களைத் தாங்குவதும் உண்டு. இந்த ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த அரங்கேற்றம், பெண்ணுக்குப் பதினாலு வயசு இருக்கும். வர்ணத்தில் ஜதிக்கோவையாக வரும் தீர்மானம் ஒன்றில் நான் கோட்டை விட்டேன். பசி, காலையிலிருந்து வெறும் காபி, என்ன சாக்குச் சொன்னாலும் தப்பு என்னுடையது. அரை எண்ணிக்கை முந்திவிட்டேன். நட்டுவாங்கத் தாளமும் என் மிருதங்கமும் பிரிந்து போவது எனக்கே கேட்கிறது, பிடிக்க இடம் கிடைக்கவில்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. சமம் வரும் இடத்தில் வலது காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள், சலங்கை முழுக்க ஒரே சத்தமாக விழுந்தது. அதில் நான் ஏறிக்கொண்டேன். முடிந்ததும் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு வேண்டுகோள். சிறப்பு விருந்தினரை வர்ணத்துக்கு முன்னால் பேச விடாதீர்கள். அவர் அரை மணி நேரம் பேசி முடிப்பதற்குள் பிள்ளைக்கு உடம்பு ஆறிப்போகும், சலங்கைக் கட்டு இளகும், எங்கள் மிருதங்கமும் சுருதி இறங்கும். பேச்சைக் கடைசியில் வையுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்று விருந்தினர் வருத்தப்பட்டால், சாப்பாடு அதற்கப்புறம் என்று அறிவித்துவிடுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் அதில் யார் முதன்மை? வீணை கற்றுக்கொள்கிறேன், எனக்கும் தங்கைக்கும் தினம் சண்டை.
(காரைக்குடி வாசகி)

காரைக்குடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி கேட்கிறீர்களே அம்மா! காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் உலகத்துக்கே இதற்குப் பதில் சொன்னவர்கள். மூத்தவர் வீணையைத் தம்புராவைப் போல நிமிர்த்தி வைத்து வாசிப்பார், இளையவர் மடியில் கிடத்தி வாசிப்பார். பார்வைக்கே இரண்டு ஆள், கேட்டால் ஒரு வீணை. மிருதங்கத்துக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அந்த மூன்று பேரில் யாருக்கு யார் பக்கவாத்தியம் என்று எங்கள் குருநாதரும் சிரித்துக்கொண்டே கேட்பார்.

1936இல் அண்ணன் போனபின் சாம்பசிவ ஐயருக்கு அந்த ஜோடி முறிந்தது. பிறகு அவர் வீட்டிலேயே சிறுமியாக வளர்ந்து வீணை கற்ற ரங்கநாயகி ராஜகோபாலன் அவரோடு மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1952இல் சாம்பசிவ ஐயர் சங்கீத கலாநிதி ஆனார். கலாக்ஷேத்திராவிலும் சொல்லிக் கொடுத்தார். இணையாக வாசிக்கும்போது ஒருவர் விரல் ஓய்கிற இடத்தை மற்றவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு நுழைய வேண்டும். அதற்கு ஒரே பாயில் பல வருஷம் சாதகம் செய்வதைத் தவிர வழி இல்லை. சண்டையும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வீணையை வைத்துவிட்டு.

கல்யாண வீட்டில் நாகஸ்வரம் வாசிப்பவரையும் தனிக் கலைஞர் என்று சொல்லலாமா? யாருமே கேட்பதில்லையே.
(நாச்சியாபுரம் வாசகர்)

யாரும் கேட்காதபோதும் தோடியைத் தோடியாகவே வாசிக்கிறாரே, அவரைத்தான் முதலில் சொல்வேன். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து ஆலாபனையை அப்போதுதான் மேலே ஏற்றியிருப்பார். உள்ளே யாரோ விரலை ஆட்டி “கெட்டிமேளம்!” என்பார்கள். அந்த நொடியில் ராகத்தை அப்படியே போட்டுவிட்டு மேளத்தோடு சேர வேண்டும். தாலி கட்டி முடிந்ததும் விட்ட இடத்தைத் தேடிப் போவார். எந்தச் சபாவிலும் எந்தப் பாடகருக்கும் இந்தச் சோதனை இல்லை. அவருக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் ஒருவர் இருப்பார், ராத்திரி முழுக்க ஒரே ஸ்வரம். இப்போது அந்த வேலையைச் சுருதிப் பெட்டி பறித்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மூச்சு வாங்காமல் ஊதிய அந்த மனுஷனுக்கு யாராவது ஒரு துண்டு போர்த்தி நான் பார்த்ததில்லை.

மெயின் ஆர்ட்டிஸ்டுக்கு ஒரு சன்மானம், உங்களுக்கு அதில் கால்வாசி. உண்மையா?
(பள்ளத்தூர் வாசகர்)

உண்மை. சில சமயம் கால்வாசியும் இல்லை. கவரை மேடையிலேயே பிரிக்கக் கூடாது என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பேரன் ஆறாம் வகுப்பு. பள்ளி விழாவில் தனியாக ஒரு பாட்டுப் பாடப் போகிறான். மேடையைப் பார்த்தாலே தொண்டை அடைக்கிறது என்கிறான். என்ன செய்வது?
(கோட்டையூர் வாசகர்)

பாட்டை அரைக் கட்டை இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயத்தில் எல்லாரும் மேலே எடுத்துவிடுவார்கள், சரணத்தில் குரல் உடையும். முதல் வரிக்கு முன்னால் சுருதியோடு ஒரு மூச்சு சேர்ந்து நிற்கட்டும், யாரும் துரத்தவில்லை. முன்வரிசையைப் பார்க்க வேண்டாம், அங்கே ஆசிரியர்கள் இருப்பார்கள். கடைசிச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள். வரி மறந்தால் நிறுத்தாமல் முதல் வரிக்கே திரும்பிவிடலாம், அதைச் சங்கதி என்று நினைத்துக்கொள்வார்கள். முந்தின நாள் ராத்திரியே சுருதிப் பெட்டிக்கு சார்ஜ் போட்டு வையுங்கள். பள்ளிக்கூட மேடையில் பிளக் பாயிண்ட் எப்போதும் திரைக்குப் பின்னால்தான் இருக்கும், வயர் எட்டாது.